பெங்காலி இல்லை

சுனாமிக்கு மறு வருஷம், மரக்காணத்தில் மாமா வைத்திருந்த உப்புக் கொட்டகையில் மூட்டை தைக்க ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தார்கள். பர்மாவின் அரக்கான் பகுதியிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியாக்கள். அங்கே பிறந்தவர்களை அந்த நாடே தன் ஆட்கள் இல்லை என்று சொல்லிவிட்டதாம். சவுதியில் லாரி ஓட்டிய மாமாவுக்கு இந்தி வரும். காகிதம் இல்லாதவனுக்குப் பேச்சுதான் பாஸ்போர்ட் என்பது அவர் கட்சி. யார் கேட்டாலும் கல்கத்தா, பெங்காலி என்று சொல்லும்படி சொல்லிக்கொடுத்திருந்தார். புருஷன் தலையாட்டினான். அவள் ஆட்டவில்லை.

ஒரு மத்தியானம் நான் மாமாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தபோது போலீஸ் ஜீப் வந்தது.

“இவங்க எந்த ஊரு பாய்?” என்றார் ஏட்டு.

“கல்கத்தா சார். பெங்காலிங்க,” என்றார் மாமா, அவருக்காக நாற்காலியைத் துடைத்துக்கொண்டே.

“கல்கத்தா, கல்கத்தா,” என்றான் புருஷன்.

ஏட்டுக்கு வெயில் தாங்கவில்லை. “பெங்காலின்னா சரி,” என்று ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டார்.

“பெங்காலி நஹி,” என்றாள் அவள். “ரோஹிங்கியா.”

“அது அவங்க குடும்பப் பேரு சார்,” என்று மாமா குறுக்கே விழுந்தார். முகமெல்லாம் வேர்வை.

ஏட்டு காலை இறக்கிப் புருஷனைப் பார்த்தார். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். மாமா, வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

“ரோஹிங்கியா, சாப்,” என்றான் அவன். “அரக்கான். பர்மா.”

மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். பின்னாலேயே பைக்கில் போன மாமா இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்பினார். மெட்ராசுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அதற்குமேல் எங்களுக்கு ஒரு தகவலும் வரவில்லை.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு வார்த்தைய முழுங்கிட்டுப் போனா என்னவாம்? கையில புள்ள இருக்குது!”

“ஸ்டேஷன்ல நானும் அதான் கேட்டேன்,” என்றார் மாமா. “ அங்க வீட்டக் கொளுத்துனவனுங்களும், பெங்காலிங்களா, உங்க ஊருக்கு ஓடுங்கன்னு சொல்லித்தான் கொளுத்துனானுங்களாம். அத நானே என் வாயால எப்படி பாய் சொல்லுவேன்னு கேக்குது அந்தப் பொண்ணு.”

அம்மா அவருக்குச் சோறு போட எழுந்தாள்.

எனக்கு ஒன்பது வயது. அது ஏதோ பெரிய கெட்ட வார்த்தை என்றுதான் எனக்கு எட்டியது. மறுநாள் பள்ளியில் என் பென்சிலைப் பிடுங்கியவளைப் பார்த்து, “போடி பெங்காலி!” என்று கத்தினேன். அவள் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் பென்சிலைச் சீவிக்கொண்டே, “அப்படின்னா என்னாடி?” என்றாள்.