அம்மன் கழுத்தில் அண்ணனின் பதக்கம்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனோடு கப்பலில் பணியாற்றிய நண்பர்களுக்கும், எங்கள் குப்பத்துப் பெரியவர்களுக்கும் கடைசித் தங்கையின் வணக்கம். எழுத உட்கார்ந்தபோது அண்ணி என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "அழுவுற மாதிரி எழுதாத பாப்பா. அவுருக்குப் புடிக்காது." அண்ணி பேச்சை மீறி எனக்குப் பழக்கமில்லை. அதோடு, அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது.

கடலூருக்குத் தெற்கே, பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் குப்பத்தில் அண்ணன் பிறந்தார். அப்பாவுக்குக் கட்டுமரம், அம்மாவுக்குக் கருவாட்டுக் கூடை. ஐந்து பிள்ளைகளில் அவர் மூத்தவர், நான் கடைசி. எங்கள் இருவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். நான் தத்தித் தத்தி நடக்கப் பழகியபோது அவர் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்துவிட்டார். எங்கள் குப்பத்திலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

அம்மா புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் கூடை தூக்கிப் போகும் நாட்களில் விடுதி வாசலில் நின்று மகனைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஒரு பொட்டலம் வறுத்த நெத்திலியும் கைமாறும். வார்டன் ஒரு நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன தம்பி இது வாசனை?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன், "இந்த வாசனையிலதான் சார் நான் படிக்கிறேன்" என்றாராம். அதன்பிறகு வார்டன் வாயே திறக்கவில்லை என்று அண்ணன் சொல்வார். பொட்டலத்தில் பாதி அவர் அறைக்குப் போனது என்பதையும் சொல்வார்.

படிப்பு முடிந்ததும் கடற்படையில் அதிகாரியாகத் தேர்வானார். வீட்டில் சொன்னபோது அப்பா வலையைத் தைத்துக்கொண்டே கேட்ட கேள்வி எங்கள் குடும்பத்தில் இன்றும் ஓடுகிறது: "கடல்ல போறதுக்காடா இம்மாம் படிப்பு படிச்ச? அதுக்கு நம்ம மரமே இருக்குதே." ஆனாலும் சிதம்பரம் ரயிலடிக்கு முதல் ஆளாகப் போய் நின்றவர் அப்பாதான். முதல் விடுப்பில் அண்ணன் வெள்ளை உடுப்போடு வந்து இறங்கியதும் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இத யாருடா தொவைக்கிறது?" என்றார். நேரம் தவறாமை, சொன்ன சொல் தவறாமை, தன் துணியைத் தானே துவைப்பது என்று அண்ணனிடம் எல்லோரும் புகழ்ந்த குணங்களில் கடைசி அன்றைக்குத் தொடங்கியதுதான்.

இனி பதக்கக் கதை. அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். பெரும்புயலில் ஒரு சரக்குக் கப்பல் தரை தட்டி உடையத் தொடங்கியது. அண்ணன் இருந்த போர்க்கப்பல் உதவிக்குப் போனது. சிறு படகை இறக்கினால் அலை தூக்கி அடித்துவிடும் என்று எல்லோரும் தயங்க, அண்ணன் நான்கு பேரோடு இறங்கினார். எங்கள் கரையில் கட்டுமரம் தள்ளுகிறவர்கள் அலையை எண்ணுவார்கள். பெரிய அலைகள் வரிசையாக வந்து போனபின் கடல் கொஞ்சம் மூச்சு விடும். அந்த இடைவெளியில் தள்ள வேண்டும். அண்ணன் அதையேதான் செய்தார். எண்ணி எண்ணி மூன்று நடை போய்ப் பதினொரு பேரை உயிரோடு ஏற்றி வந்தார். அதற்குத்தான் வீரப்பதக்கம் கிடைத்தது. யாராவது புகழ்ந்தால், "எண்ணத் தெரிஞ்சா போதும், அப்பா கத்துக் குடுத்த கணக்கு" என்பார்.

இங்கே அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. நாட்டார் வீட்டு ரேடியோவில் புயல் செய்தி மட்டும் கேட்டார். நாட்டார் என்றால் எங்கள் குப்பத்துத் தலைவர். அம்மா நேரே அம்மன் கோயிலுக்கு ஓடி, "எம்புள்ள நல்லபடியா திரும்பிட்டா, அவன் கொண்டாற ஒசத்தியான பொருள ஒனக்கே சாத்துறேன் ஆத்தா" என்று வேண்டிக்கொண்டார். மோதிரமோ வாட்ச்சோ வரும் என்பது அவர் கணக்கு.

மாசி மகத்துக்கு அண்ணன் விடுப்பில் வந்தார். விடுப்பு முடிந்ததும் கப்பல் தலைமையின் முன் நடக்க இருந்த அணிவகுப்புக்காக மார்பில் குத்த வேண்டிய பதக்கமும் பெட்டியில் இருந்தது. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்து, "இதுதான் ஒங்கிட்ட இருக்கறதுலயே ஒசத்தியாப்பா?" என்று கேட்டார். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதவிட ஒசத்தி எங்கிட்ட எதுவுமே இல்லம்மா" என்றார். அந்த நேரத்தில் கையிலிருந்த வாட்ச்சைக் காட்டியிருந்தால் தப்பித்திருப்பார்.

மறுநாள் அண்ணன் எழுந்து காப்பி குடிப்பதற்குள் பதக்கம் மஞ்சள் கயிற்றில் கோத்து அம்மன் கழுத்தில் ஏறிவிட்டது. அண்ணன் ஓடினார், நாங்கள் பின்னால் ஓடினோம். பூசாரி கையை விரித்தார். சாத்தியதைக் கழற்ற எங்கள் ஊரில் வழக்கமில்லை. அண்ணன் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: "அது இல்லாம போயி நின்னா என் வேலைக்கே கேள்வி வரும்மா. சர்க்கார் குடுத்தது அது." அம்மா ஒரு வார்த்தைதான் சொன்னார்: "கழட்டுனா கடலு ஒன்ன எடுத்துக்கும்டா." சொல்லிவிட்டு நடுங்கினார். அம்மா நடுங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். எனக்குப் பன்னிரண்டு வயது. நானும் பயந்துபோனேன்.

நாட்டார் வழி சொன்னார்: "ஆத்தாளயே கேட்டுருவோம். பூ கட்டிப் போடுங்க." ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து ஒரு பெண்பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கேட்கிறவரே பொட்டலம் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் அப்படியே கடலில் விட்டுவிட வேண்டும்.

அண்ணன் கோயிலுக்குப் பின்னால் போய் நந்தியாவட்டையும் செம்பருத்தியும் பறித்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். எடுக்க என்னை நிறுத்தினார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் எடுத்தேன், பூசாரி பிரித்தார். சிவப்பு. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அண்ணன் பெருமூச்சு விட்டு, "ஆத்தா சொன்னா சரிதான். அங்கியே இருக்கட்டும்" என்றார். அன்று பிற்பகலே சிதம்பரத்தில் ரயிலேறினார்.

கப்பலில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். தொலைந்துவிட்டது என்று ஒரு பொய் எழுதினால் வேலை முடிந்திருக்கும். அவர் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். கண்டிப்பு வந்தது. அணிவகுப்பில் பதினொரு பேரைக் காப்பாற்றிய அதிகாரி வெறும் மார்போடு பின்வரிசையில் நின்றார். தலைமை அதிகாரி, தமிழ் தெரியாத வடக்கத்தியர், தனியே கூப்பிட்டு விசாரித்தார். கதையைக் கேட்டுவிட்டு, "என் தாய் என்றாலும் இதைத்தான் செய்திருப்பாள்" என்றாராம். மாற்றுப் பதக்கம் செய்துகொள்ள அனுமதி வந்தது. அண்ணன் ஓய்வு பெறும்வரை அணிந்தது அதைத்தான். அசல் மாசி மகந்தோறும் அம்மனோடு தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வந்தது. அம்மா கடைசிவரை நிம்மதியாகத் தூங்கினார்.

அண்ணன் பெரிய பதவிகளைப் பார்த்து ஓய்வு பெற்றுக் கடலூரில் வீடு கட்டினார். விண்ணப்பம் எழுதவும், நேர்முகத்துக்குத் தயாராகவும் அவர் வீட்டுக்கு வந்துபோன பிள்ளைகள் பலர் இன்று கப்பல்களில் இருக்கிறார்கள். அண்ணியை ஒரு முறைகூடக் காக்க வைத்ததில்லை. சினிமாவுக்கு மட்டும் அரை மணி முன்னாலேயே கிளப்பிக்கொண்டு போய் அண்ணியின் திட்டை வாங்குவார்.

அவர் படுக்கையில் விழுந்த பிறகு ஒரு பகல்பொழுதில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமாக நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். நாட்டார் குடும்பம் இதைப் படித்து என்னை மன்னிக்க வேண்டும்.

"அண்ணே, அன்னிக்கி நான் தெரிஞ்சிதான் எடுத்தேன். செம்பருத்தி தடிச்ச பூவு. எந்தப் பொட்டலம் உப்பலா இருந்துதோ அதப் பாத்து எடுத்தேன். கடலு ஒன்ன எடுத்துக்கும்னு அம்மா சொன்னாங்க. ஒன் வேலைய நான்தான் கெடுக்கப் பாத்தேன்."

அண்ணன் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். இருமல் வந்தும் சிரிப்பை விடவில்லை.

"அட பைத்தியமே. ரெண்டுலயும் செம்பருத்திதான் வெச்சேன். ஒண்ணுல ரெண்டு பூவு மடிச்சிட்டேன், அதான் உப்பலு. நந்தியாவட்ட என் சட்டப்பையில இருந்துது."

"ஏண்ணே?" என்றேன்.

"வேலைய வேற எடத்துல தேடிக்கலாம். அம்மா நடுங்குனத நீயும் பாத்த இல்ல?"

"ஆத்தாள ஏமாத்திட்டமேண்ணே."

"ஆத்தாளுக்குத் தெரியாதா? சிரிச்சிக்கிட்டே இருந்துருப்பா" என்றார். அண்ணி உள்ளிருந்து ஓடி வந்து பார்க்கும்படி இருவரும் சிரித்தோம். அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுவே கடைசி. எனக்கு அது போதும்.

இரவு பகல் பாராமல் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கூடவே இருந்த அண்ணன் பிள்ளைகளுக்கும் மருமகள்களுக்கும், தெருக்கோடி வரை பந்தல் போட்டுத் தந்த அண்டை வீட்டாருக்கும், கொடி போர்த்தி மரியாதை செய்த கடற்படையினருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக எங்கள் குப்பத்தாருக்கு நன்றி. அண்ணனை எங்கள் குப்பத்து வீட்டில் கிடத்தியிருந்த அன்று காலை நாட்டாரின் மகன் வந்து, அசல் பதக்கம் ஒரு மணி நேரமாவது அண்ணன் மார்பில் இருக்க வேண்டும் என்பது ஊர் விருப்பம் என்றார். அம்மன் கழுத்திலிருந்து எடுப்பதென்றால் பூ கேட்டாக வேண்டும். பொட்டலம் கட்டும் நிலையில் அண்ணி இல்லை. நான்தான் கோயிலுக்குப் பின்னால் போய்ப் பூப்பறித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அண்ணனின் பேத்தி எடுத்தாள், வெள்ளை வந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்தப் பதக்கம் அண்ணன் மார்பில் ஏறி, அவர் புறப்படும் முன் அம்மனிடமே திரும்பிப் போனது.

அம்மன் எவ்வளவு சுலபமாகச் சம்மதம் கொடுத்துவிட்டாள் என்று ஊரே வியந்தது. அன்று காலை நான் செம்பருத்திச் செடி பக்கமே போகவில்லை.