மூன்று படிக் குடில்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் ஒரே ஒரு முறைதான் கொண்டாடியிருக்கிறோம். கொண்டைக்கடலைச் சுண்டலுடன் கொண்டாடினோம். இதைச் சொன்னால் என்னுடன் கல்லூரியில் வேலை பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூன்று நாள் கடலை ஊறப்போட்டவள் நான். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கும் சைவக் குடும்பம். முட்டைக்குக்கூட வாசலுக்குள் இடமில்லை. கிறிஸ்துமஸ் என்பது எங்களுக்குப் பக்கத்து வீட்டில் நடக்கும் காரியம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சர் குடும்பம் இருந்தது. டிசம்பர் பிறந்தால் என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் கிடப்பார்கள். ஏசு பாலன் பிறந்த கொட்டகையாக அவர்கள் வைக்கும் குடிலுக்கு வைக்கோல் பரப்புவதும், ஸ்டாருக்குள் பல்பு மாட்டுவதும், இவர்களுக்கென்று முட்டை போடாமல் தனியாகச் செய்த கேக்கைத் தின்பதுமாக மாதம் ஓடிவிடும். டீச்சரின் மகளும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே ஆட்டோ.

போன வருஷம் ஜூனில் டீச்சரின் கணவருக்குக் கூடங்குளத்துப் பக்கம் மாற்றலாகி, அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார்கள். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. சாமான் ஏற்றிய லாரி தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் அவளும் டீச்சரின் மகளும் போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தோசை வார்த்தபடி காதை அங்கே கொடுத்திருந்தேன். வீடு மாற்றியதில் குடில் பொம்மைகளெல்லாம் உடைந்துவிட்டனவாம். இந்த வருஷம் அவர்கள் வீட்டில் குடில் இல்லையாம். என் மகள் மூச்சுகூட விடாமல், "எங்க வீட்டுல வச்சிருக்கோம்லா! பெரிய குடிலு. நீ வந்து பாரு" என்றாள். தோசை தீய்ந்தது. அதற்குள் டீச்சர் போனை வாங்கி, "நெசமாவா அக்கா? இருபத்தாறாம் தேதி அந்தப் பக்கம் வாறோம். கண்டிப்பா வந்து பாத்துட்டுப் போறோம்" என்றாள். நானும் "வாங்க, வாங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

போனை வைத்ததும் மகளைப் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, யாரைக் கேட்டுச் சொன்ன? இல்லாத குடிலுக்கு எங்க போறது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவளுக்கு அங்கன மூணு கூட்டாளி கெடச்சிட்டாங்கம்மா. குடில் இல்லேன்னா அவ எதுக்கு இங்க வருவா? வரலேன்னா என்னய மறந்துருவாள்லா."

எனக்கு வந்த கோபம் போன இடம் தெரியவில்லை. ஏழு வயதில் இந்தக் கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறதே என்று நினைத்தபடி தீய்ந்த தோசையைச் சுரண்டப் போனேன்.

"கடையில ஒரு செட்டு வாங்குனா முடிஞ்சுது" என்றார் என் கணவர். அவர் சரியாகச் சொன்ன வார்த்தை அந்த மாதத்தில் அது ஒன்றுதான். ஆனால் கூடத்தில் இருந்த என் மாமனார் காதில் அது விழுந்துவிட்டது. மாமனார் ஓய்வு பெற்ற தாசில்தார். ஓய்வு கொடுத்தது அரசாங்கம்தான், அவர் இன்னும் எடுக்கவில்லை. "பரண் நெறயக் கொலுப் பொம்மை கெடக்கு. பொம்மை வாங்கக் கடைக்குப் போறானாம்" என்றார்.

சொன்ன மறு நிமிஷமே ஆட்சேபணையையும் அவரே எழுப்பினார். நவராத்திரிக்குத் தவிர வேறு நாளில் கொலுப் பொம்மைகளைப் பரணை விட்டு இறக்கலாகாது. அப்படியானால் என்ன செய்ய என்று கேட்டால், "யோசிக்கணும்" என்றார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"எறக்கலாம். ஆனா எறக்கிட்டா அது கொலுதான். கொலுவுக்கு உண்டானத எல்லாம் செஞ்சிரணும்."

அதாவது ஒற்றைப்படையில் மூன்று படி, குத்துவிளக்கு, மூன்று நாள் சுண்டல், வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கு. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். எங்கள் வீட்டில் குடில் பிடிக்கக் கொலுவாய் முடிந்தது.

இருபத்துமூன்றாம் தேதி பெட்டிகள் இறங்கின. மரப்பாச்சி ஜோடிக்கு மகள் நீலத் துணி சுற்றி மாதாவும் சூசையப்பருமாக ஆக்கினாள். குழந்தையைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களுக்கு எங்களிடம் ஆள் இல்லை. கல்யாண செட்டிலிருந்து நாதஸ்வரக்காரர், பாண்டு செட்டிலிருந்து ஒரு போலீஸ்காரர், பலசரக்குக் கடை வைத்திருக்கும் செட்டியார் என்று மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தோம். செட்டியாரைக் கடையில்லாமல் தனியாக வைக்கக் கூடாது என்று மாமனார் சொன்னதால், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே அரிசி, பருப்பு, மிளகாய் வற்றலுடன் கடை திறக்கப்பட்டது. பசு மாட்டுக்குப் பஞ்சமில்லை, பதினோரு பசு இருந்தது. நான்கு வயது மகன் தன் டைனோசரையும் கொண்டுவந்து பசுக்களுக்கு நடுவே வைத்தான். நான் எடுக்கப் போனேன். "இருக்கட்டும்மா, அதுவும் வாயில்லா ஜீவன்தான்" என்றார் மாமனார்.

குழந்தைக்குத்தான் திண்டாட்டம். பெட்டி பெட்டியாகத் தேடியும் எங்கள் வீட்டிலிருந்த ஒரே குழந்தை, தவழுகிற கண்ணன். கையில் வெண்ணெய், தலையில் மயிலிறகு. மகள் மயிலிறகின் மேல் பஞ்சை ஒட்டி மறைத்தாள். வெண்ணெயை மறைக்க வழி தெரியவில்லை. "குளுருக்குப் பாலேடு குடுத்திருக்காங்கன்னு வச்சுக்கிடுவோம்" என்றார் என் கணவர். அவரை நான் பார்த்த பார்வையில் ஸ்டார் மாட்டப் போய்விட்டார். அங்கும் விடவில்லை மாமனார். "கிழக்க பாத்து மாட்டுலே" என்று வாசலில் நின்று அதிகாரம் செய்தார். கிழக்கே முருங்கை மரம் இருந்தது. ஸ்டார் முருங்கைக்காய்களுக்கு நடுவே தொங்கியது.

மூன்று சாயங்காலமும் தெருப் பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டு மதினி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "மார்கழி மாசம் என்ன கொலு மதினி இது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமனார் விதிமுறைகளை விளக்கினார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டைனோசரைக் கும்பிட்டு, சுண்டல் வாங்கிக்கொண்டு போனாள். மகள் இதொன்றையும் கவனிக்கவில்லை. பள்ளி விட்டிருந்த அந்த நாட்களில் பொம்மைகளை ஒரு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தி வைப்பதே அவளுக்கு வேலை. "அவளுக்குப் பிடிக்குமாம்மா?" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள். நானும் பத்துத் தடவை பொய் சொன்னேன்.

இருபத்தாறாம் தேதி மாலை நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். டீச்சர், அவள் கணவர், பின்னால் அந்தப் பெண். ஆறே மாதத்தில் ஒரு பிடி உயரம் வளர்ந்து, புது மாதிரித் தலை வாரியிருந்தாள். என் மகள் வாசலுக்குப் போய், "வாங்க" என்றாள். அந்தப் பெண் "நல்லா இருக்கியா?" என்றாள். "நல்லாருக்கேன். நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்றாள் இவள். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இவ்வளவு மரியாதை நடக்காது.

குடிலுக்கு முன் எல்லோரும் நின்றோம். டீச்சரின் கணவர் செட்டியார் கடையை வெகுநேரம் பார்த்தார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்குகிறாளா, வேறு எதையாவதா என்று தெரியவில்லை. கொலுவென்றால் வந்தவர்கள் பாட வேண்டும் என்று மாமனார் நினைவூட்டவே, பாவம், அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒரு கீர்த்தனை பாடினாள். நன்றாகப் பாடினாள். பதிலுக்கு மாமனார் ஒரு பதிகம் பாடினார். டீச்சரின் கணவர் எந்தக் கட்டத்தில் ஆமென் சொல்வது என்று தெரியாமல் கடைசியில் சொன்னார். அவ்வளவு நேரமும் அந்தப் பெண் தன் வளையலைத் திருகிக்கொண்டிருந்தாள். என் மகள் அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர்களை அடுத்த அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். சுண்டல் கொடுத்தேன். டீச்சர் ஊர்க்கதை சொல்ல, எனக்கு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கூடத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"இது தவழுது. பொறந்த அன்னைக்கே பிள்ள எப்படித் தவழும்?"

"சாமிப் பிள்ள தவழும்."

"தவழாது. படுத்துதான் கெடக்கும். எங்க சித்தி வீட்டுத் தம்பி எட்டு மாசம் கழிச்சுதான் தவழ்ந்தான்."

"ஒங்க தம்பி சாமியா?"

ஏதோ புரட்டுகிற சத்தம். "மல்லாத்தாத! கால் மேல தூக்கிட்டு நிக்கி பாரு" என்று என் மகள் கத்தினாள். "நிக்கட்டும். பச்சப் பிள்ள அப்படித்தான் கெடக்கும்" என்று அவள் கத்தினாள். "இது எங்க குடிலு!" "ஏட்டி, ஒனக்குக் குடில் வைக்கவே தெரியல!" பசுக்கள் சரிந்தன. மிளகாய் வற்றல் சிதறியது. பளாரென்று ஒரு அடி விழுந்தது.

என் மகள் அறைக்குள் ஓடி வந்தாள். கையில் நான்கு விரலும் பதிந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது. அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் ஜூனுக்குப் பிறகு பார்த்ததில்லை.

"அம்மா, அவ என்னய அடிச்சிட்டாம்மா!" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் திரும்பக் கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

டீச்சர் பதறி எழுந்து, "ஏட்டி, இங்க வா நீ" என்று தன் மகளைக் கூப்பிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"பேசாம இருங்க டீச்சர்" என்றேன். "அடிக்கட்டும்."