நீலத்தில் நிற்காத லீவர்

மெக்கானிக் என் காரின் ஏசி பேனலைக் கழற்றியதும் உடைந்த பிளாஸ்டிக் கிளிப் ஒன்று கீழே விழுந்தது. "கேபிளப் புடிக்கிறது இதுதானுங்க. இது இல்லீன்னா லீவர் நிக்காதுங்க," என்றார். அப்பாவின் பழைய கார் நினைவுக்கு வந்து எனக்கு முதுகு வேர்த்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஆர்டர் கொடுக்க வரும் வெளிநாட்டு பையரைக் கோவை விமான நிலையத்திலிருந்து நல்லூருக்கு, எங்கள் பனியன் கம்பெனிக்கு அழைத்துவர வேண்டும். அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். காலையில் பஞ்சுத் தூசி எடுக்கிறேன் என்று அப்பா பழைய காரின் ஏசி பேனலைக் கழற்றினார். திரும்ப மாட்டும்போது இதே மாதிரி கிளிப் உடைந்தது. கையில் கிடைத்த எங்கள் கம்பெனி ஜட்டி எலாஸ்டிக்கால் கேபிளைக் கட்டிவிட்டார்.

குடும்பமாகப் போய் மாலை போட்டு வரவேற்றோம். கருமத்தம்பட்டி தாண்டியதும் லீவர் தானாகச் சிவப்புக்கு நகர்ந்தது. சித்திரை வெயிலில் ஹீட்டர்! அப்பா நீலத்துக்குத் தள்ளுவார், எலாஸ்டிக் திரும்ப இழுத்துக்கொள்ளும். பின்சீட்டில் பையர் டையைத் தளர்த்தினார்.

"நீங்க ரோட்டப் பாருங்க," என்று அம்மா லீவரைக் கட்டைவிரலால் நீலத்திலேயே அழுத்திப் பிடித்தாள். மடியிலிருந்த என் காதில், "சிரிச்சுட்டே இரு கண்ணு," என்றாள். நல்லூர் வரை விரலை எடுக்கவில்லை.

கம்பெனியில் பையர் முதலில் சாம்பிள் ஜட்டியைத்தான் எடுத்தார். இடுப்புப் பட்டையை நன்றாக இழுத்து விட்டார். அது சட்டென்று பழைய அளவுக்கே சுருங்கியது.

"வெரி குட் எலாஸ்டிக்!"

அம்மா சிவந்த விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"புது கிளிப் வர்ற வரைக்கும் எதையாச்சும் வெச்சுக் கட்டட்டுங்களா?" என்றார் மெக்கானிக்.

"எலாஸ்டிக் மட்டும் வேண்டாங்க."