சாவிக்காரரும் கம்ப்யூட்டர் தம்பியும்

பொறாமை என்றால் என்னவென்று சாவிக்காரருக்கு ஐம்பது வயதுவரை தெரியாது. எதிர்க்கடைக்காரன் மாடிமேல் மாடி எழுப்பியபோதுகூட, "அத்தனை கதவுக்கும் பூட்டு நம்மகிட்டதானே வாங்கணும்" என்று சிரித்த மனிதர். அப்படிப்பட்டவருக்கு வயிறு எரிந்தது ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து. அதுவும் சொந்த வீட்டுக் கம்ப்யூட்டர்.

அவர் மனைவி ஒரு ஸ்டூடியோவுக்காக வீட்டிலிருந்தே பள்ளிக்கூட அடையாள அட்டைப் படங்களைச் சரிசெய்து கொடுப்பவள். கேமராவிலிருந்து படங்கள் வெறும் எண்களோடு வரும். ஒவ்வொன்றையும் திறந்து, தோளுக்குக் கீழே வெட்டி, அளவைக் குறைத்து, அந்தப் பிள்ளையின் பெயரும் வகுப்பும் கொடுத்துச் சேமிக்க வேண்டும். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் சாவிக்காரர் கைகால் கழுவிக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பள்ளிக்கூடம் அனுப்பிய தாளைப் பார்த்து அவர் பெயரை வாசிப்பார், அவள் "ம்" என்று சொல்லித் தட்டுவாள். அடுத்த பெயர், அடுத்த "ம்". எந்தப் பையனாவது கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தால், "இவன் கணக்கு டீச்சரை நெனச்சுட்டான் போல" என்பார். அவளுக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் வராது. மனைவியோடு தோள் உரச உட்கார அவருக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த நாற்காலிதான். அதை யாரும் பிடுங்குவார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

பிடுங்கியவன் மச்சினன். விடுமுறைக்கு வந்தவன் ஒரு மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஏதோ எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். பெயர்களையும் பள்ளிக்கூடத்திடம் ஃபைலாகவே கேட்டு வாங்கியிருந்தான்.

"அக்கா, இனிமே ஒரு தட்டு தட்டினாப் போதும். வெட்டுறது, பேர் வெக்கிறது எல்லாம் அதுவே பாத்துக்கும்."

தட்டிக் காட்டினான். திரையில் பெயர்கள் சரசரவென்று தாமாகவே ஓடின. டீயைக் குடித்து முடிப்பதற்குள் ஒரு பள்ளிக்கூடமே முடிந்துவிட்டது. "மாமாவுக்கும் இனி ரெஸ்ட்" என்று வேறு சொல்லி வைத்தான் அந்தப் புண்ணியவான்.

அவன் ஊருக்குக் கிளம்பிப் போனான். அவன் எழுதிய புரோகிராம் போகவில்லை. அவள் அதற்குத் 'தம்பி' என்றே பெயர் வைத்துவிட்டாள். "தம்பியை ஓட விட்டுட்டு வந்துடறேன்." "தம்பி முடிச்சுட்டான்." வீடு முழுக்கத் தம்பி புராணம். சாவிக்காரரின் நாற்காலியில் மடிக்காத துணி ஏறி உட்கார்ந்துகொண்டது. மொட்டை மாடியில் அவள் பக்கத்து வீட்டம்மாவோடு பேசிச் சிரிப்பது கீழே வரை கேட்டது. அவர் தனியாக டீயைக் குடித்தபடி அந்தப் பெட்டியை முறைத்தார். அவர் வாசித்த காலத்தில் ஒரு நாளாவது இப்படிப் பெருமையாக "முடிச்சுட்டார்" என்று சொல்லியிருப்பாளா? பொறுக்க முடியாமல் ஒரு தடவை, "மெஷின் செய்யுற வேலையில சுத்தம் இருக்காது" என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்க மட்டும் சாவியைக் கையால ராவியா குடுக்கறீங்க? மெஷின்லதானே வெட்டறீங்க" என்றாள்.

ஒரு நாள் அவள் காய்கறி வாங்கப் போயிருந்தபோது சாவிக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். தம்பியை அழித்துவிடத்தான் உட்கார்ந்தார். கை வரவில்லை. அடுத்தவர் சாவி கடையில் கிடந்தால் அதை எறியவும் மாட்டார், வெளியே போட்டு வைக்கவும் மாட்டார்; தன் மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவார். அதே பழக்கத்தில் தம்பியை இழுத்துக்கொண்டுபோய், கடை பில்கள் கிடக்கும் 'சாவிக்கடை' என்ற தன் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு எழுந்தார்.

"தம்பியைக் காணோமே" என்று அவள் தேடினாள். ஊரிலிருக்கும் நிஜத் தம்பிக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. படங்களை மறுநாள் காலையில் கொடுத்தாக வேண்டும். "கொஞ்சம் வந்து வாசிங்களேன்" என்றாள்.

துணியெல்லாம் கட்டிலுக்குப் போனது. சாவிக்காரருக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு பெயரையும் ராகம் போட்டு வாசித்தார். கண்ணை மூடிய பையனுக்கு அதே பழைய ஜோக். அவள் "ம்" என்றாள். இன்னொரு "ம்". பிறகு "ம்" வரவில்லை. நிமிர்ந்து பார்த்தார். அவள் தேடும் கட்டத்தில் தம்பியின் ஃபைல் பெயரைத் தட்டியிருந்தாள். திரையில் 'சாவிக்கடை' திறந்து கிடந்தது, பில்களுக்கு நடுவில் தம்பி.

"நீங்களா?"

"அழிக்கல" என்றார். "பத்திரமாத்தான் வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"எனக்கு அவனைக் கண்டாலே ஆகல. என் எடத்துல உக்காந்துட்டான்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"இதை எழுதிக் குடுன்னு தம்பியைக் கேட்டதே நான்தான். இத்தனை வருஷமா பக்கத்துல உக்காந்து ஊர்ப் பிள்ளைங்க பேரெல்லாம் சொன்னீங்க. என்கிட்ட என்ன பேசினீங்க? வேலை சீக்கிரம் முடிஞ்சா ரெண்டு வார்த்தை பேசலாம்னு பாத்தேன். நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு டீ குடிக்கறீங்க. அப்புறம் நான் பக்கத்து வீட்டம்மாகிட்டதானே பேசணும்?"

தம்பியைப் பழைய இடத்தில் வைத்து ஓட விட்டாள். மாடிக்குப் போகவில்லை, நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கையில் தாள் இல்லாமல் சாவிக்காரருக்கு நாக்கு எழவில்லை. திரையில் பெயர்கள் ஓடின. அவள் கண் லேசாக அங்கே போவதைப் பார்த்தார். அதற்கும் வயிறு எரிந்தது. எழுந்து மானிட்டரைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அது எதுக்கு?"

"அவன் வேலையை அவன் பாக்கட்டும்" என்றார். பிறகு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். "இன்னிக்குக் கடைக்கு ஒரு அம்மா வந்தாங்க. கதவையே கழட்டித் தூக்கிட்டு வந்துட்டாங்க..."

"ம்" என்றாள் அவள், அவர் முகத்தைப் பார்த்து.