பால் வடியாத கொடி

ஐயனார் தோப்புக்குள் காலை வைத்ததும் வெயில் நின்றுபோகும். மக்கிய இலையும் வௌவால் எச்சமும் கலந்த நெடி மட்டும் மூக்கில் ஏறும். புவனகிரிக்கு வெளியே, வெள்ளாற்றங்கரையில் இருந்த அந்தத் தோப்பில் யாரும் எதையும் ஒடிப்பதில்லை; முள்கொடிகள் பின்னிக் கிடக்கும். சிதம்பரத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த என் அக்கா செல்வி, கல்லூரி நோட்டில் ஒட்டுவதற்காக அங்கே கொடிகளை வெட்டினாள். எனக்கு அப்போது பத்து வயது, கூடவே போயிருந்தேன்.

வேப்பமரத்தில் ஒரு சீந்தில் கொடி தொங்கியது. யாரோ எப்போதோ அடியில் அறுத்துவிட்டிருந்தும் இலைகள் பச்சையாகவே இருந்தன. மேலிருந்து நூல் போன்ற வேர் ஒன்று தரையைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. "செத்துப்போச்சுன்னு நெனச்சியா? இது சாவாதுடீ" என்று சிரித்தபடி அக்கா அதில் ஒரு துண்டு வெட்டினாள். இலைகள் மாறி மாறி, தண்டில் "பரு", காகிதமாய் உரியும் தோல் என்று முணுமுணுத்தபடி எழுதினாள். "இதே மாதிரி எல இருந்து, ஜோடி ஜோடியா நின்னு, பால் வடிஞ்சா அது கொடிப்பாலை. குடிச்சா வாந்திதான்."

மூன்றாம் நாள் அவளுக்கு அனலாய்க் காய்ச்சல். யாரையும் அடையாளம் தெரியவில்லை. "தோப்புல கை வச்சா சும்மா வுடுமா?" என்று அம்மா அழுதாள். பக்கத்து வீட்டு மாமா, கஷாயம் போட "சீந்தில்" என்று வேலியிலிருந்து ஒரு கொடியை அறுத்து வந்தார். அம்மா அதை நறுக்கியபோது அரிவாள்மனையில் வெள்ளையாகப் பால் வழிந்தது.

"அம்மா, இது கொடிப்பாலை! அக்காவுக்குக் குடுக்காத!"

"சின்னப் பொண்ணு, இதுக்கு என்னா தெரியும்?" என்றார் மாமா.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். நான் பாத்திரத்தைத் தட்டிவிட்டேன். முதுகில் விழுந்த அடியோடு, அந்த உச்சி வெயிலில் தோப்புக்கு ஓடினேன்.

நான் கொண்டுவந்த கொடியையும் தன் கொடியையும் மாமா பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் வீசிவிட்டு ஆட்டோ கூப்பிட ஓடினார். பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அக்கா பிழைத்தாள். அன்று தோப்பிலிருந்து திரும்பிய என் கைகால்களில் ஒரு முள் கீறல்கூட இல்லாததைப் பார்த்த அம்மா, எனக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

இன்று அங்கே தோப்பு இல்லை. மதிலும் டைல்ஸ் தரையும்தான். போன ஆடியில் அக்காவோடு போயிருந்தேன். "அவ்ளோ முள்ளுக்குள்ள தனியாவாடீ போன?" என்று கேட்டாள்.

"ஆமாங்க்கா" என்றேன். அன்று எனக்கு முன்னால் நடந்து, முள்கொடிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டே போனது, வீட்டில் காய்ச்சலில் கிடந்த அவளேதான் என்று அவளிடமே எப்படிச் சொல்வது?