ஆண்டவர் டின்

ஒன்பது வயதில் நான் ஆண்டவருக்காகத் திருடினேன். அதைத் திருட்டு என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அந்த வயதில் எனக்குப் பக்தி கொஞ்சம் அதிகம். புத்தி அந்த அளவுக்கு இல்லை.

அப்போது நாங்கள் மலேசியாவின் மூவாரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு நாற்காலி, மேசை செய்யும் தொழிற்சாலையில் மரம் அறுக்கும் இயந்திரத்தில் வேலை. அம்மா வீட்டைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அடுத்து ஒரு தம்பி. ஐந்து வயது. எந்நேரமும் வாயில் எதையாவது போட்டு மென்றுகொண்டிருப்பான். எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சீனச் சபையார் தங்கள் ஆராதனையை முடித்துக்கொண்டு வெளியே போக, பதினொரு மணிக்கு நாங்கள் உள்ளே போவோம். அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் சூடு ஆறுவதற்குள் நாங்கள் உட்கார்ந்துவிடுவோம்.

எங்கள் சபைப் பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. சமையலுக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு டின்னில் போட்டுவிடுவார்கள். அது ஆண்டவருக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு அன்று அந்த டின்னைக் கொண்டுபோய், பீடத்துக்கு முன்னால் வைத்திருக்கும் நீலநிற பிளாஸ்டிக் டிரம்மில் கொட்ட வேண்டும். சேர்ந்த அரிசி கஷ்டப்படும் குடும்பங்களுக்குப் போகும். எந்தக் குடும்பங்களுக்கு என்பது போதகரம்மா ஒருவருக்குத்தான் தெரியும். வாங்குகிறவர்களின் மானத்துக்காக அப்படி ஓர் ஏற்பாடு.

எங்கள் வீட்டில் அதற்கென்று ஒரு சதுரமான பிஸ்கட் டின் இருந்தது. தம்பியின் கைக்கு எட்டாமல் அலமாரியின் உச்சியில் இருக்கும். அதற்கு ஆண்டவர் டின் என்று பெயர். பிடி அரிசியை எங்கிருந்து எடுப்பது என்பதில் அம்மா மிகவும் கண்டிப்பாக இருந்தார். அரிசி வாளியிலிருந்து நேராக அள்ளிப் போடக்கூடாது.

"வாளியில இருந்து அள்ளிப் போட்டா அது சும்மா இருக்கிறதுல இருந்து கொடுக்கிறது. அளந்து வச்சதுல இருந்து எடுத்தாத்தான் நம்ம சோத்துல இருந்து கொடுக்கிறது" என்பார்.

நான் இதை அட்சரம் பிசகாமல் மனத்தில் வைத்திருந்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுவே காரணமாயிற்று.

அம்மாவின் அக்கா, அதாவது பெரியம்மா, எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார். பெரியப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு லாரிகள். பெரியம்மா எதையும் சத்தமாகச் செய்கிறவர். அவர் அல்லேலூயா சொன்னால் முன் பெஞ்சில் தூங்குகிற கைக்குழந்தை அழும். ஞாயிறு பள்ளியில் எங்கள் வகுப்புக்கு ஆசிரியையும் அவரே. முதல் ஞாயிறு அன்று அவர் தம் டின்னைக் கவிழ்த்தால் அரிசி விழும் ஓசை நின்று நிதானமாகக் கேட்கும். அந்த ஓசையைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். அம்மாவோ பாட்டுக்கு உதடுதான் அசைப்பார். கைதூக்கித் துதிக்கமாட்டார். ஆண்டவர்மேல் பெரியம்மாவுக்கு இருக்கும் அன்பில் பாதிகூட அம்மாவுக்கு இல்லையோ என்ற கவலை எனக்கு இருந்தது.

அந்த வருடம் அப்பாவின் வலது கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. இரண்டு விரல்களைத் தைத்து ஒட்டவைத்தார்கள். ஆனால் அவை மடங்குமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. அப்பா பெரிய கட்டோடு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். சம்பளம் பாதியாகக் குறைந்தது. அம்மா நாற்காலி உறைகளில் பிசிறு நூல் வெட்டும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து செய்தார். பெரிய மூட்டையாக வந்த அரிசி சின்னப் பையாக வர ஆரம்பித்தது. அம்மா பால் டின்னால்தான் அரிசி அளப்பார். முன்பெல்லாம் குவித்து அளந்தவர், இப்போது விரலால் தலைதட்டி அளந்தார். ஆனாலும் ஆண்டவருக்கு ஒரு பிடி எடுப்பது நிற்கவில்லை.

அந்த மாதம் எங்கள் டின் பாதிகூட இல்லை. டிரம்மில் கொட்டியதும் சட்டென்று சத்தம் அடங்கிவிட்டது. ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது பெரியம்மாவின் மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அலமாக், உங்க வீட்டு அரிசி விழுந்த சத்தமே கேக்கல லா" என்றாள்.

நான் வீடு வந்து சேருவதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். டின் நிறைய வேண்டும். நிறைந்தால் ஆண்டவர் எங்கள் வீட்டைத் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் அப்பாவின் விரல்கள் மடங்கும். எனக்கு அது கூட்டல் கணக்கைப் போல் தெளிவாக இருந்தது.

அம்மா விடியற்காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அன்றைய அரிசியை அளந்து, ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டு, மீதியைச் சட்டியில் மூடிவைப்பார். பிறகு தம்பியைக் குளிப்பாட்டப் போவார். அவன் தண்ணீரைக் கண்டால் அலறுகிறவன், ஆகவே அது சுலபத்தில் முடியாது. பள்ளி பஸ் வருவதற்கு முந்திய அந்தப் பத்து நிமிடத்தில் நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி டின்னைத் திறந்து, சட்டியிலிருந்து மூன்று பிடி எடுத்துப் போடுவேன். என் கை சின்னது என்பதால் மூன்று. வாளியை மட்டும் தொடமாட்டேன். அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அதை நான் மீறுவதாக இல்லை.

இதற்குப் பலன் உடனே தெரிந்தது. அம்மாவின் பக்தி கூடியது.

பள்ளி விட்டு வந்து மத்தியானம் சாப்பிட உட்காருவோம். அம்மா அப்பாவுக்குப் போடுவார், தம்பிக்குப் போடுவார், எனக்குப் போடுவார். பிறகு பானையை மூடிவிட்டு, பாலில்லாத கோப்பி ஒரு குவளை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். "நீங்க சாப்பிடலையாம்மா?" என்றால், "எனக்கு இன்னைக்கு உபவாசம்" என்பார். முன்பு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமைதான் உபவாசம் இருப்பார். இப்போது புதனும் வெள்ளியும் ஆயிற்று. பிறகு திங்களும் செவ்வாயும் சேர்ந்துகொண்டன. கோப்பி குடித்தால் உபவாசம் முறியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முகம் வெளுத்து, நூல் வெட்டும் கத்தரிக்கோலோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, போகட்டும் என்று விட்டுக்கொடுத்தேன். நான் டின்னை நிரப்ப நிரப்ப ஆண்டவர் அம்மாவை நிரப்புகிறார் என்று எண்ணி அகமகிழ்ந்து போனேன்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. டின்னைத் தூக்கிய அம்மா ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆலயத்தில் அந்த அரிசி விழுந்த ஓசையை இன்றைக்கும் என்னால் கேட்க முடிகிறது. பெரியம்மாவின் மகள் திரும்பிப் பார்த்தாள். போதகரம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை கஷ்டத்திலயும் இந்தச் சகோதரி எப்படிக் கொடுக்கிறாங்க பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அது தாழ்மை என்று நினைத்தேன். எனக்கு அந்தத் தாழ்மை இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

அந்த மாதம் அரிசி கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் எங்கள் வீடும் இருந்ததாம். நிறைந்த டின்னைப் பார்த்ததும், இவர்களுக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை போலிருக்கிறது என்று போதகரம்மா எங்களை விட்டுவிட்டார். இது பெரியம்மா வழியாக வெகுநாள் கழித்துத் தெரியவந்தது.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு பள்ளியில், நம் வீட்டில் ஆண்டவர்மேல் உள்ள அன்பை எப்படிக் காட்டுகிறோம் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும் என்றார் பெரியம்மா. ஒருவன் தினமும் ஜெபிப்பதாகச் சொன்னான். ஒருத்தி பாட்டுப் பாடுவதாகச் சொன்னாள். நான் எழுந்து, "எங்க அம்மா வாரத்துல நாலு நாள் உபவாசம் இருக்காங்க" என்றேன்.

பெரியம்மா கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். திரும்பி என்னையே பார்த்தார். பிறகு, "உக்காரு" என்று மட்டும் சொன்னார். சத்தமில்லாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை. பொறாமை என்று தீர்மானித்தேன்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்த சிறிது நேரத்தில் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய டிபன் கேரியர். கோழிக்கறி வாசம் வாசலிலேயே அடித்தது. அப்பா மருந்து கட்ட மருத்துவமனைக்குப் போயிருந்தார். பெரியம்மா நேராகச் சமையலறைக்குப் போய்ப் பானையைத் திறந்து பார்த்தார். பிறகு அரிசி வாளியைத் திறந்து பார்த்தார்.

"என்னாடி இது?" என்றார்.

"உபவாசம்க்கா" என்றார் அம்மா.

"உன்னை உபவாசம் இருன்னு ஆண்டவர் சொன்னாரா, இல்ல இந்த வாளி சொல்லிச்சா? அடுத்த தெருவுல நான் ஒருத்தி எதுக்குடி இருக்கேன்?"

எனக்குப் புரிந்துவிட்டது. தம்மைவிட அம்மா பக்தியில் முந்திவிட்டதைப் பொறுக்க முடியாமல், உபவாசத்தைக் கலைக்கவே பெரியம்மா கோழிக்கறியோடு வந்திருக்கிறார். வேறு எதற்காக ஒருவர் திங்கட்கிழமை கோழிக்கறி கொண்டுவருவார்? நான் கதவுக்குப் பின்னால் நின்று, அம்மா விழுந்துவிடாதபடி பலம் தாரும் ஆண்டவரே என்று கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வேகவேகமாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே மேலும் சோறு வைத்தார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

அம்மா தோற்றுப்போனார். எனக்கு அழுகை வந்தது. பெரியம்மா கொடுத்த கோழித்தொடையை நான் தொடவில்லை. தம்பி அதையும் சேர்த்துத் தின்றான்.

சாயங்காலம் அப்பா வந்ததும் புகார் சொன்னேன். "அம்மா உபவாசத்தை முறிச்சிட்டாங்கப்பா. பெரியம்மா வந்து சாப்பிட வச்சிட்டாங்க." அப்பா எழுந்து குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெகுநேரம் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டை நனைக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னாரே என்று நான் கதவைத் தட்டி நினைவுபடுத்தினேன்.

அதற்குப் பிறகு வாராவாரம் பெரியப்பாவின் லாரியில் ஒரு மூட்டை அரிசி வந்து இறங்கியது. அம்மாவின் உபவாசம் மறுபடி மாதத்தில் ஒரு வெள்ளி என்று ஆகிவிட்டது. சில மாதங்களில் அப்பா அதே தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பகுதிக்கு வேலைக்குத் திரும்பினார். இரண்டு விரல்களில் ஒன்று மடங்கியது. அந்த ஒரு விரல் என்னால்தான் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோழிக்கறிக்கு ஒரு வாரம் முந்தி நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்போது அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்று ஜொகூர் பாருவில் என் வீட்டுச் சமையலறையில் ஒரு பிடி அரிசியை எடுக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.

ஒரு நாள் காலையில் ஸ்டூல் ஆடி நான் கீழே விழுந்தேன். சத்தம் கேட்டு அம்மா ஈரக்கையோடு ஓடிவந்தார். தரையெல்லாம் அரிசி. என் கை மூடியபடி இருந்தது, விரல் இடுக்கிலிருந்தும் அரிசி உதிர்ந்தது. மேசைமேல் சட்டி திறந்து கிடந்தது. பல்லி விழுந்துவிட்டது என்று ஏதோ உளறினேன். அம்மா என் முழங்காலைத் தடவிப் பார்த்தார். பிறகு கீழே உட்கார்ந்து, சிந்திய அரிசியை ஒன்றுவிடாமல் பொறுக்கித் தட்டில் சேர்த்து, தூசி நீக்கினார். அந்தத் தட்டோடு சிறிது நேரம் சட்டியையும் டின்னையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அதை ஆண்டவர் டின்னில் போட்டார்.

"அந்த ஸ்டூல் ஆடுது. இனிமே அதுல ஏறாதே" என்றார்.

மறுநாள் பார்த்தால், டின் அலமாரி உச்சியில் இல்லை. அரிசி வாளிக்குப் பக்கத்தில், தாழ்வான தட்டில், என் கைக்கு எட்டும்படி இருந்தது. பெற்ற பிள்ளை ஆண்டவருக்குக் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆண்டவர் என் பாதையைச் சுலபமாக்கிவிட்டார் என்பதுதான். அதற்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, வழக்கம்போல் மூன்று பிடி எடுத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

அன்று மத்தியானமும் அம்மா உபவாசம்.