‘ஊசியாச்சு’ என்றுதான் சொன்னார்

பெலாச்சானும் (காரநெடி வீசும் இறால் விழுது) மிளகாயும் ஒரே சட்டியில் வறுபட்டால், மலேசிய மலையூரான தானா ராத்தாவில் எங்கள் வரிசை வீடுகளில் இருமாதவர் கிடையாது. அன்றும் எல்லாரும் இருமினார்கள். நான் மட்டும் சட்டிக்கு மேல் குனிந்து நிம்மதியாகக் கிளறிக்கொண்டிருந்தேன்.

“என்ன தெரசா, மூக்கு செத்துப்போச்சா?” என்று கண்ணைக் கசக்கியபடி கேட்டார் என் வீட்டுக்காரர் அந்தோணி.

“ஒங்களுக்குத்தான் பூஞ்சை ஒடம்பு” என்றேன். மறுநாள் எனக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாள் பல் விளக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் மூச்சு வாங்கியது. பரிசோதனையில் இருவருக்குமே கொரோனா. பூஞ்சை உடம்புக்காரர் வீட்டிலேயே மாத்திரையோடு தப்பித்துவிட்டார். என்னை ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

இதே நிலையில் படுத்துக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வாசனை போவது (மூக்கின் உள்ளே மணம் அறியும் இடத்தைக் கிருமி தாக்குவதால் வருவது) வீரத்தின் அடையாளம் அல்ல. நான் அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. சனிக்கிழமைகளில் மறைக்கல்வியும் நடத்துவேன். மலாயில் ஆசிரியரைச் ‘சிக்கு’ என்று அழைப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊரே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறது, ஒருநாளும் உறைத்ததில்லை. வார்டில் காய்ச்சலோடு கிடந்தபோது, இளம் மலாய் டாக்டர் தலை முதல் கால் வரை பிளாஸ்டிக் அங்கியோடு வந்து நின்று, “சிக்கு, சிக்கு” என்றார். என் காதில் ‘சீக்கு, சீக்கு’ என்று விழுந்தது. சரியாகத்தானே சொல்கிறார் என்று சிரித்தேன். சிரித்ததில் ஆக்சிமீட்டரில் (விரல் நுனியில் மாட்டி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கருவி) இரண்டு எண் குறைந்துபோனது.

டாக்டருக்கு அதிலெல்லாம் சிரிப்பு வரவில்லை. “ஒரே மூச்சில் எண்ணுங்கள்” என்றார் மலாயில். நான் கணக்கு டீச்சர் அல்லவா, கடகடவென்று பதினெட்டு வரை போனேன். அவர் தலையை ஆட்டினார். “மெதுவாக, சிக்கு. போட்டி இல்லை.” மெதுவாக எண்ணினேன். ஏழோடு நின்றுவிட்டது.

விஷயத்தை அவர் மறைக்கவில்லை. முகமூடி வழியாகக் கொடுக்கும் பிராணவாயு போதாமல் போனால் என்னை மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இறக்குவார்கள். அங்கே வென்டிலேட்டர் (தொண்டைக்குள் குழாய் விட்டு நமக்குப் பதிலாக மூச்சு விடும் இயந்திரம்). குழாய் போட்டால் குரல் போய்விடும் என்று யாரோ எப்போதோ சொன்னது எனக்கு நினைவுக்கு வந்தது. எனக்குச் சாவைப் பற்றிப் பயமில்லை, குரலைப் பற்றித்தான் பயம் என்று ஆண்டவரிடம் சொன்னேன். பொய் சொல்வானேன், சாவைப் பற்றியும்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்டீராய்டு ஊசி (நுரையீரல் வீக்கத்தை அடக்கும் மருந்து) போட்டார்கள். நர்ஸ் வீட்டுக்கு போன் போட்டுத் தகவல் சொன்னார். கோளாறு அங்கேதான் ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரர் தனியாக அடைபட்டிருந்தும் வீட்டுக்குள் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்தார். தகரக் கூரையில் மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தது. அந்த லட்சணத்தில் எங்கள் பள்ளிக் காவலாளி சவரிமுத்து அண்ணனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்: “அண்ணே, தெரசாவுக்கு மூணு மணிக்கு ஊசியாச்சு. இனிமே ஆண்டவர் கையிலதான்.” அனுப்பிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார்.

சவரிமுத்து அண்ணனுக்கு வலது காது கொஞ்சம் மந்தம். அவர் ‘பூசியாச்சு’ என்று கேட்டுக்கொண்டார்.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்கு இதை விளக்கவேண்டும். நோயில்பூசுதல் என்பது குருவானவர் நோயாளியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசிச் சுகம் வேண்டும் சடங்கு. நானே இதைப் பிள்ளைகளுக்குப் பத்து முறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் எங்கள் ஆட்கள் பழைய வழக்கப்படி அதை ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றுதான் மனதில் வைத்திருக்கிறார்கள். ‘பூசியாச்சு’ என்றால் ஆள் அவ்வளவுதான், அடக்கத்துக்கு வருகிறவர்களின் பலகாரத்துக்கு மாவும் சீனியும் சொல்லிவிடலாம் என்று அர்த்தம்.

கோயிலும் பள்ளியும் பூட்டிக் கிடந்ததால், மாலை ஆறு மணிக்குப் பள்ளிக் குடும்பங்கள் எல்லாம் போனிலேயே ஒன்றுகூடிச் செபமாலை சொல்வோம். ஏற்பாடு செய்தவளே நான்தான். படுத்துக்கொண்டே சேர்ந்தேன். என் போன் வீட்டுக்காரர் பெயரில் பதிவானது. திரையில் ‘அந்தோணி’ என்று மட்டும்தான் தெரியும்.

சவரிமுத்து அண்ணன் அழுதுகொண்டே ஆரம்பித்தார். “நம்ம தெரசா டீச்சருக்குப் பூசியாச்சு. வீட்டுக்காரரே சொல்லிட்டாரு.”

“எப்பண்ணே?” என்று யாரோ கேட்டார்கள்.

“மூணு மணிக்கு.”

“ஐயோ, ஆண்டவர் சிலுவையில உயிர் விட்ட நேரம்!” என்று ஒரு பெண் குரல் அலறியது. அதோடு நான் செத்தே போய்விட்டேன். மரிக்கப்போகிறவர்களுக்கான செபத்தை யாரோ ஆரம்பிக்க, அடுத்தவர் அதைத் தாண்டி மரித்தவர்களுக்கான செபத்துக்குப் போய்விட்டார்.

நான் பதறிப்போய், ‘ஐயோ, நான் நல்லா இருக்கேன்’ என்று தட்டச்சு செய்து அனுப்பினேன்.

சவரிமுத்து அண்ணன் அதைச் சத்தமாகப் படித்தார். “அந்தோணி தம்பி நல்லா இருக்காராம். தைரியமா இருங்க தம்பி. புள்ளைங்க நாங்க இருக்கோம்.” அவருக்கு வயது அறுபத்தெட்டு.

மைக்கை அழுத்திப் பேசியிருக்கலாம். அழுத்தவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அதற்குள் அவர்கள் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். யாருக்குத்தான் கேட்க ஆசை இருக்காது?

பள்ளிச் சிற்றுண்டிக்கடை நடத்தும் லெட்சுமி அக்கா முதலில் பேசினார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், மாரியம்மன் பக்தை, பேச்சுக்குப் பேச்சு மலாய்க்காரர் போல ‘லா’ போடுபவர். “எனக்கு ஒங்க செபமெல்லாம் வராதுலா. டீச்சர் கத்துற சத்தம் அடுப்படி வரைக்கும் கேக்கும். புள்ளைங்க சாப்பாடு கொண்டாரலேன்னா என்கிட்ட வந்து, யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு ரெண்டு தட்டு வாங்கிட்டுப் போவாங்க. ஒருநாள் என் தோசைக்கல்லயும் வாங்கிட்டுப் போனாங்க. அத இப்பக் கேக்கக் கூடாது.” அழுகைக்கு நடுவிலும் கேட்டுவிட்டார்.

அடுத்து ஐந்தாம் ஆண்டு மெர்சி. என் வகுப்பில் கணக்கில் முதல் மாணவி. “டீச்சர் ஒருநாளும் எனக்கு ‘நல்லா இருக்கு’ன்னு சொன்னதில்ல. நூறு எடுத்தப்பகூட, கையெழுத்து கோழி கிண்டுன மாரி இருக்குன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் இந்த லீவுல நாலு நோட்டு எழுதி வச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “இனிமே யார்கிட்ட காட்டுறது?”

நூறுக்கு நூறு எடுத்த குழந்தையிடம் கோழியைப் பற்றிப் பேசியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. கேமராவையும் மைக்கையும் அழுத்தினேன்.

“மெர்சி” என்றேன். மூச்சு இழுத்தேன். “நோட்ட.” மறுபடி இழுத்தேன். “எடுத்து வை. வரேன்.”

முகமூடியும், கலைந்த தலையும், உஸ்ஸென்று காற்றுச் சத்தமுமாக நான் திரையில் தோன்றியதும் முப்பது வீடுகளில் ஒரே நேரத்தில் கூச்சல். “சேசுவே!” என்று சவரிமுத்து அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு திரையை விட்டே போய்விட்டார். லெட்சுமி அக்கா மட்டும் நிதானமாக, “தோசைக்கல்லு அவசரமில்லலா டீச்சர்” என்றார்.

இந்த ஐந்து சொல்லுக்கு விலை இருந்தது. எண் எண்பத்தெட்டுக்கு இறங்கி, கருவி கத்தியது. டாக்டர் ஓடிவந்து போனைப் பிடுங்கினார். “ஜாங்ஙான் சாக்காப், சிக்கு!” பேசாதே என்று அர்த்தம். காலைக்குள் ஏறாவிட்டால் ஈப்போதான் என்றார். அதுவரை குப்புறப் படுக்கச் சொன்னார் (அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கமும் காற்று வாங்கும்).

இதைப் படிக்கும் நோயாளிகளே, குப்புறப் படுங்கள். மானம் போகிறது, கழுத்து வலிக்கிறது, தலையணை முழுக்க எச்சில். ஆனாலும் படுங்கள். நான் செபம்கூடச் சொல்லவில்லை. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அது மட்டும்தான் என் வேலையாக இருந்தது.

காலையில் டாக்டர் எண்ணச் சொன்னார். ஒன்பது வரை போனேன். கருவியில் தொண்ணூற்றிரண்டு. “இங்கேயே இருக்கலாம்” என்றார். அங்கியின் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் கலங்கியிருந்ததா, அது வெறும் ஆவியா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழுதேன், அது நிச்சயம்.

வீட்டுக்கு வந்த பிறகும் மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. நுரையீரலில் தழும்பு இருக்கிறது, மாதக்கணக்கில் ஆகலாம் என்றார்கள். இதில் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். திட்டுவதற்கு நீளமான மூச்சு வேண்டும். ‘நல்லா இருக்கு’ என்பதற்குக் கொஞ்சம் போதும். மெர்சியின் நான்கு நோட்டுக்கும் அதைத்தான் எழுதினேன், சொன்னேன். அவள் நம்பாமல் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சவரிமுத்து அண்ணனுக்கு மட்டும் விதிவிலக்கு என்று முடிவு செய்திருந்தேன். என்னை உயிரோடு அனுப்பிவைத்த மனிதரைச் சும்மா விடுவதா? பள்ளி திறந்த அன்று அவருக்கான வசையை மனதில் மூன்று பாகமாகப் பிரித்துத் தயாராகப் போனேன். வாசலில் வெப்பமானியோடு நின்றிருந்தவர் என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

“அண்ணே, நீங்க...” என்று ஆரம்பித்தேன். மேட்டில் ஏறி வந்திருந்தேன். மூச்சு அங்கேயே தீர்ந்துவிட்டது.

அவர் தன் நாற்காலியை எடுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். அடுத்த மூச்சு வருவதற்கு நேரம் ஆயிற்று. அது வந்தபோது மூன்று பாகமும் எங்கே போயின என்று தெரியவில்லை. “எனக்காக அழுதீங்களே” என்றேன்.

“அழாம?” என்றார். “இருபத்திரண்டு வருசமா தெனம் காலையில எனக்குத் தோத்திரம் சொல்லிட்டுத்தான டீச்சர் உள்ள போவீங்க.” சொல்லிவிட்டுக் கேட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மணி அடித்தது. இத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் தாமதம். மேலே பள்ளிச் சிற்றாலயத்தில் நான் வழக்கமாக நடத்தும் காலைச் செபத்துக்குப் பிள்ளைகள் எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, அவர்களாகவே அருள் நிறைந்த மரியே செபத்தை ஆரம்பித்தார்கள். நான் முன்னால் நின்று சொன்னால் அதை ஒரே மூச்சில் முடித்துவிடுவேன். அவர்கள் ஒவ்வொரு சொல்லாக, நின்று நின்று சொன்னார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி கடைசிவரை கேட்டேன். அந்தச் செபம் அவ்வளவு நீளமானது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.